காஷ்மீர் விதை வட்டவடையில் ஏன் கதிர் விடவில்லை?

கேரள மலையில் இருக்கும் வட்டவடை கோவிலூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இது: "அப்பத்தா காலத்தில் எங்கள் தட்டு நிலத்தில் சம்பா கோதுமை விளைந்தது. களத்தில் அடித்தாலும் உமி போகாது, உரலில் போட்டுக் குத்தினால்தான் வரும். அதைத் திரும்பப் போட ஆசை. அதற்கு முன்னோட்டமாக, பட்டாளத்தில் இருக்கும் மச்சான் காஷ்மீரிலிருந்து கொண்டுவந்த விதையையும், பஞ்சாபிலிருந்து ஒருவர் அனுப்பிய விதையையும் தை மாதம் பக்கத்துப் பக்கத்தில் விதைத்தேன். பஞ்சாப் விதை இரண்டே மாதத்தில் முழங்கால் உயரத்தில் கதிர் தள்ளிவிட்டது, ஒரு கதிருக்கு இருபது மணி தேறவில்லை. காஷ்மீர் விதை ஆடி வரை புல்லாகவே தூர் கட்டி நின்றது, மாட்டுக்கு அறுத்துப் போட்டேன். மண் கோளாறா, விதை கோளாறா? கடையில் விற்கிற கோதுமை எல்லாம் ஜீன் மாற்றியது என்கிறார்களே, அதனாலா? சம்பாவுக்கு மட்டும் ஏன் உரல்?"

மண்ணிலும் கோளாறு இல்லை, விதையிலும் இல்லை. இரண்டு விதைகளும் தங்களுக்குள் எழுதியிருந்தபடி சரியாகவே நடந்துகொண்டன. எப்போது பூக்க வேண்டும் என்கிற கணக்கு கோதுமைக்கு உள்ளேயே இருக்கிறது. அந்தக் கணக்கு ஒன்று காஷ்மீர் பள்ளத்தாக்குக்காகவும், மற்றது பஞ்சாப் சமவெளிக்காகவும் போடப்பட்டது. நீங்கள் இரண்டையும் பத்து டிகிரி அட்சரேகையில், 1,500 மீட்டருக்கு மேலே, தை மாதத்தில் விதைத்திருக்கிறீர்கள்.

முதலில் காஷ்மீர் விதை. பள்ளத்தாக்கில் ஐப்பசி வாக்கில் விதைக்கிறார்கள். முளைத்து நாலைந்து இலை விட்டதும் பனி மூடும். பனிக்கடியில் அப்படியே கிடந்து, பங்குனிக்குமேல் எழுந்து, ஆனியில் அறுவடைக்கு வரும். இப்படிப்பட்ட பயிர் மார்கழிக் குளிருக்கு முன்னால் அவசரப்பட்டுக் கதிரை வெளியே நீட்டினால் கதை முடிந்தது, உறைபனியில் பூ கருகிவிடும். அதனால் 'குளிர்காலம் வந்து போய்விட்டது' என்று உறுதியாகும்வரை கதிருக்கான வேலையைத் தொடங்குவதே இல்லை. இந்தக் குளிர்க் கணக்கை வெர்னலைசேஷன் என்கிறோம். சுமார் 0 முதல் 8 டிகிரிக்குள் ஆறேழு வாரம் தொடர்ந்து இருந்தாக வேண்டும். கோவிலூரில் மார்கழி, தையில் இரவில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே வர முடியாதுதான். ஆனால் காலை பத்து மணிக்கு வெயில் ஏறிவிடும், பகல் 20 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் செடியைப் பொறுத்தவரை அது குளிர்காலமே இல்லை. அதனால் ஆடி வரை மட்டுமல்ல, அடுத்த தை வரை விட்டிருந்தாலும் இலை இலையாகத்தான் விட்டுக்கொண்டிருக்கும்.

மாட்டுக்குப் போட்டது போக வரப்போரம் ஒன்றிரண்டு தூர் நின்றால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வேரோடு பிடுங்கி, இலை உறைகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போங்கள். கடைசியில் மண் மட்டத்தில், வெங்காயக் குருத்தைவிடச் சின்னதாக ஒரு வெள்ளை நுனி இருக்கும். சவர பிளேடால் நீளவாக்கில் பிளந்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். வழவழப்பான கூம்பாக, ஓரத்தில் ஒற்றை ஒற்றை வளையமாகத் தெரிந்தால் அது இன்னும் இலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. கதிர் செய்ய முடிவெடுத்த நுனியில் வளையங்கள் இரட்டை இரட்டையாக இருக்கும், பெரிய வளையத்துக்கும் சின்ன வளையத்துக்குமாக வரி வரியாக. அந்த ஒவ்வொரு இரட்டை வரியின் மேல்பாதிதான் பின்னால் ஒரு சிறுகதிராக, அதாவது கதிரில் மணிகள் அடங்கிய ஒரு சின்னக் கொத்தாக, வளரும். வெளியே நமக்குக் கதிர் தெரிவதற்குப் பல வாரம் முன்பே முடிவு இங்கே எடுக்கப்பட்டுவிடுகிறது.

அந்த முடிவை எடுப்பது முக்கியமாக மூன்று மரபணுக்கள். விஆர்என்3 என்பது பூக்கச் சொல்லும் செய்தி. இலையில் உண்டாகி நுனிக்குப் போகும். விஆர்என்2 அந்தச் செய்தியைத் தடுத்து வைத்திருக்கும். குளிர் ஏற ஏற விஆர்என்1 மெல்ல விழித்து, விஆர்என்2-ஐ அடக்கும். தடை நீங்கியதும் செய்தி போகும், கதிர் வரும். அமெரிக்காவில் டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் ஹோர்கே டுப்கோவ்ஸ்கியின் குழு 2003-லிருந்து 2006-க்குள் இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துக் காட்டியது. பஞ்சாப் விதையில் என்ன வித்தியாசம் என்றால், விஆர்என்1-க்கு முன்னாலோ அதன் நடுவிலோ இருக்கும் கட்டுப்பாட்டுப் பகுதியில் ஒரு துண்டு போயோ புதிதாகச் செருகியோ இருக்கிறது. அதனால் குளிர் இல்லாமலேயே அது விழித்திருக்கிறது. அவ்வளவுதான். பனிக்காலக் கோதுமைக்கும் நம் நாட்டுச் சமவெளிக் கோதுமைக்கும் நடுவில் இருக்கிற பெரிய வேலி இந்தத் துண்டுதான்.

உங்களிடம் காஷ்மீர் விதை மிச்சமிருந்தால் ஒரு சோதனை செய்யலாம். ஈரத் துணியில் முளைகட்டி, வேர் லேசாக எட்டிப் பார்த்ததும் ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில் ஆறு வாரம் வையுங்கள், துணி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு நடுங்கள். கொஞ்சம் தாமதமானாலும் கதிர் வரும். அந்தக் கதிரின் விதையைச் சும்மா விதைத்தால் மறுபடியும் புல்தான். பழக்கிய குளிர் பிள்ளைக்குப் போகாது, மரபணு மட்டும்தான் போகும். சோவியத் நாட்டில் 1930-களில் லைசென்கோ இதற்கு நேர்மாறாகச் சொன்னார். குளிரூட்டிப் பழக்கினால் கோதுமையின் இயல்பே பரம்பரையாக மாறிவிடும் என்றார், ஸ்டாலின் நம்பினார். அதை எதிர்த்த வவிலோவ், உலகம் முழுக்க நடந்து விதை சேகரித்த மனிதர், 1943-ல் சரதோவ் சிறையில் இறந்தார். ஒரு ஃபிரிட்ஜும் இரண்டு பருவமும் இருந்தால் தீர்ந்திருக்க வேண்டிய வழக்கு அது.

இனி பஞ்சாப் விதை. அதற்குக் குளிர்ப் பூட்டு இல்லை. ஆனால் வேகம் இருக்கிறது. கோதுமை நாள்களை எண்ணுவதில்லை, வெப்பத்தை எண்ணுகிறது. ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பத்தையும் கூட்டிக்கொண்டே போய், ஒரு தொகை சேர்ந்ததும் அடுத்த கட்டத்துக்கு நகரும். உதாரணத்துக்கு, சராசரி 13 டிகிரியில் 90 நாள் என்றால் தொகை 1,170. அதே தொகை 19 டிகிரியில் 62 நாளுக்குள் சேர்ந்துவிடும். நீங்கள் தையில் விதைத்தீர்கள், மாசி, பங்குனி வெயில் ஏறிக்கொண்டே போகிற காலம். தூர் கட்ட நேரமில்லை, நுனியில் சிறுகதிர் வரிகள் போட நேரமில்லை. குட்டையான செடியில் குட்டையான கதிர். கீழே பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் கதிர் தள்ளி, இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

இதில் பகல் நீளத்துக்கும் பங்குண்டு. பழைய கோதுமைகள் பகல் நீண்டால்தான் பூக்கும், 14 மணி நேரப் பகல் வந்தால் உற்சாகம். உங்கள் ஊரில் வருஷத்தின் மிக நீண்ட பகலே பன்னிரண்டே முக்கால் மணி நேரத்துக்குள். மிகக் குறுகியது பதினொன்றரை. அதாவது வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே பகல். பகலை நம்பியிருக்கும் கோதுமைக்கு வட்டவடையில் ஆனி வந்தாலும் மார்கழி வந்தாலும் ஒன்றுதான். பஞ்சாப் விதை அதையும் மீறிப் பூத்ததற்குக் காரணம் பிபிடி-டி1 என்ற மரபணு. உடலின் நாள்கடிகாரத்தோடு சேர்ந்த மரபணு அது. அதற்கு முன்னால் டிஎன்ஏவில் 2,089 எழுத்துகள் அழிந்துபோன வடிவம் ஒன்று உண்டு. அழிந்ததால் அந்த மரபணு வேளைகெட்ட வேளையிலும் வேலை செய்து, பகல் குறுகியதாக இருந்தாலும் பூக்கச் சொல்லிவிடும். இதைக் கண்டுபிடித்து 2007-ல் எழுதியவர்கள் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தினர்.

இந்த அழிவு பயணப்பட்ட பாதை சுவாரசியமானது. ஜப்பானில் அகாகொமுகி என்றொரு குட்டையான, சீக்கிரம் விளையும் நாட்டுக் கோதுமை. இத்தாலியில் ரியெட்டி ஊரில் நசாரெனோ ஸ்ட்ராம்பெல்லி அதை வரவழைத்து 1913-ல் தன் கலப்பில் சேர்த்தார். அவருக்குத் தேவை, கோடை அனல் காற்றடிப்பதற்கு முன் விளைந்துவிடும் கோதுமை. கிடைத்தது. அங்கிருந்து அந்த மரபணு தெற்கு ஐரோப்பா முழுக்கவும் தென் அமெரிக்காவுக்கும் போனது.

இன்னொரு பக்கம் மெக்சிகோ. 1940-களின் நடுவில் அங்கே கோதுமை ரகங்களை உருவாக்கிக்கொண்டிருந்த நார்மன் போர்லாக் வேலையைச் சீக்கிரம் முடிக்க ஒரு குறுக்குவழி பிடித்தார். குளிர்காலத்தில் வடமேற்கே கடல்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும் ஒப்ரெகோனில் ஒரு பருவம். அறுத்த விதையைக் கையோடு எடுத்துக்கொண்டு, கோடையில் 2,600 மீட்டர் உயரத்திலிருக்கும் தொலுகாவில் அடுத்த பருவம். விதைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று மூத்தவர்கள் கண்டித்தார்கள், அவர் கேட்கவில்லை. அட்சரேகை ஏறக்குறைய எட்டு டிகிரி வித்தியாசம், பகல் நீளம் வேறு, நோய் வேறு, குளிர் வேறு. இரண்டு இடத்திலும் தேறிய செடிகள் மட்டுமே மிஞ்சின, அதாவது பகல் நீளத்தைப் பற்றிக் கவலைப்படாத செடிகள். அவர் தேடியது வேகம் மட்டும்தான். எங்கும் விளையும் தன்மை இலவசமாக வந்து சேர்ந்தது. அந்த இலவசம் மட்டும் வராமலிருந்தால், பின்னால் இந்தியாவுக்கு வந்த மெக்சிகோ விதை இங்கே வேலை செய்திருக்காது என்பது என் கருத்து. எல்லோரும் அந்த விதையில் செடியைக் குட்டையாக்கிய மரபணுவைப் பற்றியே பேசுகிறார்கள், பூக்கும் மரபணுவுக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை.

சரி, உரலுக்கு வருவோம். அதற்குக் கோதுமையின் குடும்பக் கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

ஊரார்ட்டு என்ற காட்டுப் புல்லுக்கு 14 குரோமோசோம். அதற்கும் ஸ்பெல்டாய்ட்ஸ் என்ற புல்லின் உறவினர் ஒன்றுக்கும் பல லட்சம் ஆண்டுக்கு முன்பு தானாகவே கலப்பு நடந்து, 28 குரோமோசோமுடன் காட்டு எம்மர் பிறந்தது. இன்றைக்கும் மேற்காசிய மலைச்சரிவுகளில் அது தானாக முளைக்கிறது. 1906-ல் கலிலேயாவில் ஆரோன் ஆரோன்சோன் அதைக் கண்டெடுத்தார். அதை மனிதர்கள் பயிராக்கியதுதான் எம்மர், நம் சம்பா, மராட்டியத்தில் கப்லி. ரவைக்குப் போகும் துரும் கோதுமையும் இதே 28 குரோமோசோம் வீட்டுப் பிள்ளைதான். பின்னர் சுமார் 8,000 முதல் 10,000 ஆண்டுகளுக்குள், காஸ்பியன் கடலுக்குத் தெற்கே, பயிரான எம்மர் வயலோரத்தில் டௌஷி என்ற ஆட்டுப்புல்லோடு கலந்தது. 42 குரோமோசோம் கொண்ட, சப்பாத்திக்கான கோதுமை அப்படி வந்தது. இதற்குக் காட்டு வடிவமே கிடையாது, வயலில் பிறந்தது. 1944-ல் ஜப்பானில் கிஹாராவும் அமெரிக்காவில் மெக்ஃபேடன், சியர்ஸ் இருவரும், ஒருவருக்கொருவர் போரில் இருந்த நாடுகளிலிருந்து, தனித்தனியாக அந்த ஆட்டுப்புல்தான் மூன்றாம் பெற்றோர் என்று கண்டுபிடித்தார்கள். இந்தக் கோதுமையின் மரபுத்தொகுதியில் சுமார் 1,600 முதல் 1,700 கோடி எழுத்துகள், மனிதனுடையதைப்போல் ஐந்து மடங்கு. முழுதாகப் படித்து வெளியிட 2018 ஆனது.

ஆக சப்பாத்திக் கோதுமையில் ஏறக்குறைய எல்லா மரபணுவுக்கும் மூன்று பிரதி, சம்பாவில் இரண்டு. கூட்டுக் குடும்பத்தில் ஒரு தம்பி படுத்துவிட்டால் மற்ற இருவரும் வயலைப் பார்த்துக்கொள்வதுபோல, ஒரு பிரதி கெட்டால் மற்றவை அந்த வேலையைச் செய்துவிடும், வெளியே தெரியாது. கோதுமையின் வரலாற்றையே இது ஒரு குறிப்பிட்ட பக்கம் வளைத்துவிட்டது. ஒரு மரபணு கெட்டுப்போவதால் கிடைக்கும் நன்மை, மூன்று பிரதியும் கெட்டால்தான் விவசாயி கண்ணில் படும். அது அபூர்வம். ஆனால் ஒரு பிரதி மட்டும் புதிதாக ஏதோ செய்ய ஆரம்பித்தால், கட்டுப்பாடு அறுந்து சதா ஓடிக்கொண்டிருந்தால், உடனே தெரியும். மேலே சொன்ன விஆர்என்1, பிபிடி-டி1 இரண்டும் இந்த ரகம். உழவர்களும் ஆய்வாளர்களும் பொறுக்கி எடுத்த பெரிய மாற்றங்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவையே. விஆர்என்2 கெட்டாலும் பனிப்பூட்டு திறக்கும். ஒற்றைப் பிரதி உள்ள ஐன்கார்ன் கோதுமையில் அப்படியும் நடந்திருக்கிறது. சப்பாத்திக் கோதுமைக்கு அந்த வழி எளிதில் வாய்க்கவில்லை.

இதை வைத்துக்கொண்டு உதிர்வதைப் பாருங்கள். காட்டு எம்மரில் கதிர் முற்றியதும் நடுத்தண்டு கணு கணுவாகத் தானே உடைந்து, சிறுகதிர்கள் அம்புபோல் மண்ணில் குத்திக்கொள்ளும். அறுக்கப் போனால் கையில் வெறும் காம்புதான். உடைய வைப்பது மூன்றாம் குரோமோசோமில் உள்ள பிடிஆர்1 மரபணு. எம்மரில் அதற்கு இரண்டு பிரதி, இரண்டுமே கெட்டால்தான் கதிர் முழுசாக உடையாமல் நிற்கும். 2017-ல் காட்டு எம்மரின் மரபுத்தொகுதியைப் படித்தபோது, ஒன்றில் இரண்டு எழுத்து விடுபட்டிருப்பதும், மற்றதில் சுமார் நாலாயிரம் எழுத்து நடுவில் செருகியிருப்பதும் தெரிந்தது. தனித்தனி விபத்துகள். இரண்டும் ஒரே செடியில் சேர வேண்டியிருந்தது. சிரியா, துருக்கிப் பக்கத் தொல்லியல் மேடுகளில் கிடைத்த கருகிய சிறுகதிர்களின் அடியை உருப்பெருக்கியில் பார்த்தால், தானாக உதிர்ந்தது வழுவழுவென்றும், அடித்து உடைத்தது பிய்ந்தும் இருக்கும். பிய்ந்தவை பெரும்பான்மையாக ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிடித்திருக்கிறது. ஒரு புத்திசாலி மனிதன் ஒரு நல்ல செடியைக் கண்டு பயிராக்கினான் என்கிற கதை அங்கே பொய்த்துப்போகிறது.

சம்பா கதிர் கிடைத்தால் நீங்களே பார்க்கலாம். களத்தில் அடித்ததும் மணியாகக் கொட்டாது, சிறுகதிர் சிறுகதிராக உடையும். ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அடியில் நடுத்தண்டின் ஒரு துண்டு ஒட்டியிருக்கும், உடைந்த இடம் பிசிறாக இருக்கும். இரண்டு கெட்டியான உமித்தோடு படகுபோல் மூடிக்கொண்டிருக்க, உள்ளே பெரும்பாலும் இரண்டு மணி. நகத்தால் நெம்பினால் தோடு வளையுமே தவிரத் திறக்காது. இதற்குப் பொறுப்பு இரண்டு மரபணு. ஒன்று தோட்டைக் கெட்டியாக்கும் டிஜி. மற்றது ஐந்தாம் குரோமோசோமில் இருக்கும் க்யூ. சம்பாவில் க்யூவின் பழைய வடிவம்தான் இருக்கிறது. துருமிலும் சப்பாத்திக் கோதுமையிலும் அந்தப் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது, அதோடு அந்த மரபணுவை அடக்கும் சின்ன ஆர்என்ஏ ஒட்டும் இடத்திலும் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அடக்க ஆளில்லாமல் க்யூ கூடுதலாக வேலை செய்யும். தோடு மெலியும், கதிர் இறுகும், மணி லேசான அடிக்கே உமியைவிட்டுக் கழன்றுவிடும். ஒரு பிரதியின் புதுச் செயல், உடனே கண்ணில் படும் மாற்றம், மேலே சொன்ன அதே விதி. உங்கள் அப்பத்தா உலக்கை பிடித்ததற்குக் காரணம் இந்த ஒன்றிரண்டு எழுத்துகள்தான்.

உமி வெறும் தொல்லை என்றும் நினைக்க வேண்டாம். மலை மழையில் மணி நனைந்து கதிரிலேயே முளைப்பதையும், குதிரில் வண்டு விழுவதையும் அந்தத் தோடு ஓரளவு தடுக்கும். ஆலை வந்த பிறகுதான் அது குறையாகத் தெரிந்தது.

குட்டை மரபணுவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இது பலருக்கும் தெரிந்த கதை. ஜப்பானில் 1935-ல் பதிவான நோரின் 10 என்ற ரகத்தின் விதையை 1946-ல் சாமன் என்ற விஞ்ஞானி அமெரிக்காவுக்கு அனுப்பினார். வாஷிங்டன் மாநிலத்தில் ஓர்வில் வோகெல் கலப்பு செய்ய, அங்கிருந்து போர்லாக் கைக்கு வந்தது. ஆர்எச்டி என்ற இரண்டு மரபணு. ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சி ஊக்கி 'நீள்' என்று சொன்னாலும் கேட்காத தடைப் புரதத்தை உண்டாக்கும். தண்டு குட்டை, உரம் போட்டாலும் சாயாது. 1963 மார்ச்சில் போர்லாக் இந்திய வயல்களைச் சுற்றிப் பார்த்தார். கேரளத்தின் மங்கொம்பில் வேரும் கும்பகோணத்தில் பிறப்புமாக நம் இரு பக்கத்துக்கும் சொந்தமான எம்.எஸ். சுவாமிநாதன் அவரை அழைத்துவர முன்நின்றவர். 1966-ல் 18,000 டன் விதை மெக்சிகோவிலிருந்து இறங்கியது. பஞ்சாபில் அத்வால் என்ற ஆய்வாளர் மெக்சிகோ வகைகளிலிருந்து கல்யாண் சோனா என்ற ரகத்தைத் தேர்ந்தெடுத்தார். சொனோரா 64 என்ற மெக்சிகோ ரகத்தின் மணி சிவப்பாக இருந்ததால் சந்தையில் முகம் சுளித்தார்கள். கதிர்வீச்சு கொடுத்து அதைப் பொன்னிறமாக்கி ஷர்பதி சொனோரா வந்தது. மணியின் சிவப்புக்கும் மூன்று பிரதி உண்டு, ஒன்று இருந்தாலே சிவப்புதான். 1909-ல் சுவீடனின் நில்சன்-ஏலே அதைக் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்.

இதில் உங்களுக்குப் பயன்படும் ஒரு செய்தி: நீளக் கேட்காத இந்த மரபணு முளைக்குருத்தின் உறையையும் குட்டையாக்கும். பஞ்சாப் வகை விதையை ஐந்து சென்டிமீட்டருக்குக் கீழே போட்டால் குருத்து மண்ணுக்குள்ளேயே சுருண்டு நின்றுவிடும். பழைய நெட்டை ரகங்கள் இன்னும் ஆழத்திலிருந்தும் வந்துவிடும்.

ஜீன் மாற்றம் பற்றி: இந்தியாவில் விளையும் எந்தக் கோதுமையும் வெளி உயிரின் மரபணுவை ஆய்வகத்தில் செருகிய பயிர் இல்லை, அதற்கு இங்கே அனுமதியும் இல்லை. அர்ஜென்டினாவில் சூரியகாந்தி மரபணு ஒன்றைச் சேர்த்த, வறட்சி தாங்கும் கோதுமைக்கு 2020-ல் அனுமதி கொடுத்தார்கள். அது வேறு. நீங்கள் கடையில் வாங்குவது கலப்பும் தேர்வும் செய்த கோதுமை. 'பழைய கோதுமை சுத்தம், புதுக் கோதுமை கலப்படம்' என்கிற பேச்சும் சரியில்லை, சம்பாவே இரண்டு காட்டுப் புற்களின் கலப்புதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சம்பாவில் குளூட்டன் என்ற கோதுமைப் புரதம் இருக்கிறது. அது ஒவ்வாத சீலியாக் குடல் நோய் உள்ளவருக்குச் சம்பா ஆகாது. சிலர் தைரியமாகப் 'பரவாயில்லை' என்று விற்கிறார்கள், அது ஆபத்து.

சம்பாவின் உண்மையான பெருமை வேறிடத்தில் இருக்கிறது. தண்டுத் துரு என்ற பூஞ்சை நோயை எந்தக் கோதுமை தாங்குகிறது என்று பார்க்க அமெரிக்காவில் ஸ்டாக்மன் குழு உருவாக்கிய பன்னிரண்டு சோதனை ரகங்களில் ஒன்றின் பெயர் கப்லி. இந்திய உரல் கோதுமைதான். அதிலிருந்து வந்த எஸ்ஆர்13 என்ற எதிர்ப்பு மரபணு, 1999-ல் உகாண்டாவில் அடையாளம் கண்ட யுஜி99 துருவின் பல வகைகளையும் தாங்குகிறது. ரஷ்யாவின் யாரோஸ்லாவ் என்ற இன்னொரு எம்மரிலிருந்து மேலே சொன்ன மெக்ஃபேடன் நூறாண்டுக்கு முன் எடுத்த எஸ்ஆர்2 என்ற எதிர்ப்பு மரபணு உலகில் பல ரகங்களில் இன்னும் காவல் நிற்கிறது.

துரு என்றதும் நீங்கள் காது கொடுக்க வேண்டும், உங்கள் மலைக்கும் இதில் பங்கு உண்டு. சமவெளிக் கோடை வெயிலில் துரு வித்துகள் செத்துவிடும். பிழைப்பது மலையில், பருவம் தப்பி முளைத்த செடிகளில். ஆக்ராவில் இருந்த கே.சி. மேத்தா இதை முதலில் நிறுவினார். தெற்கே தண்டுத் துருவுக்கு நீலகிரியும் பழனி மலையும் மூலம். கார்த்திகைப் புயல் வங்கக் கடலிலிருந்து வரும்போது வித்துகள் காற்றேறி மத்திய இந்தியா வரை போய் மழையோடு இறங்கும் என்பதைப் பின்னர் நாகராஜன் வரைபடமாக்கினார். பழனி மலையின் கிளாவரையிலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருக்கும் கோவிலூரும் அந்தத் தொடரில்தான் இருக்கிறது. நீலகிரி வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் கோதுமைத் துருவுக்கென்றே ஒரு நிலையம் வைத்திருப்பது இதனால்தான். எதிர்ப்பு இல்லாத ரகத்தை நீங்கள் ஆடியில் போட்டால், பாதிப்பு உங்கள் தட்டோடு நிற்காது.

அதனால் என் யோசனை: வடக்கத்திய விதையை விடுங்கள். சம்பாவையே போடுங்கள், ஆனால் தையில் அல்ல. ஐப்பசி மழை தணிந்து கார்த்திகையில் விதைத்தால், குளிர்ந்த மார்கழி, தையில் தூர் கட்டி நுனி நிதானமாக வரி போடும். மாசி, பங்குனி வறண்ட வெயிலில் மணி முற்றும். தென்னிந்தியாவில் குறும்பகலிலேயே தலைமுறைகளாகத் தேறிய பயிர் என்பதால் பகல் நீளப் பிரச்சினை இல்லை. வெலிங்டன் நிலையத்தின் எச்டபிள்யூ 1098, தார்வாட்டின் டிடிகே 1029 இரண்டும் சாயாத அரைக்குட்டை சம்பா. பழைய நெட்டை விதை கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் யாராவது வைத்திருந்தால் அதையும் ஒரு சென்ட் போடுங்கள். நெட்டைக்கு உரம் குறைவாக வையுங்கள், யூரியாவைக் காட்டினால் பால் பிடிக்கும் நேரத்தில் படுத்துவிடும்.

கோதுமை தன் மகரந்தத்திலேயே கருவுறும், பக்கத்து வரிசையோடு கலப்பது மிகக் குறைவு. ஆகவே நன்றாக வந்த செடிகளுக்கு நூல் கட்டி, கதிரைத் தனித்தனியாக அறுத்து, அடுத்த வருஷம் ஒரு கதிருக்கு ஒரு வரிசை என்று விதைத்தால் மூன்று நான்கு பருவத்தில் உங்கள் தட்டுக்கென்று ஒரு தேர்வு கிடைத்துவிடும். முதலில் கதிர் தள்ளியதையே எடுக்க வேண்டாம், நடுவில் வந்ததை எடுங்கள். மிக முந்தியது மணி குறைவாக இருக்கும், மிகப் பிந்தியது வெயிலில் சுருங்கும். விதைக்கு எடுத்துவைப்பதை உரலில் போடாதீர்கள். சிறுகதிரோடு, உமியோடு அப்படியே விதைக்க வேண்டும். குத்தியதில் முளை அடிபட்டுப் பாதி முளைக்காது. உமியோடு போடும்போது விதை எடை கூடுதலாகப் பிடிக்கும், ஒரு சிறுகதிரிலிருந்து இரண்டு நாற்றும் வரலாம், அதற்குத் தகுந்த இடைவெளி விடுங்கள்.